முகவரிக் கட்டம்: சேலத்து மருத்துவமனை ஒன்றின் காய்ச்சல் வார்டு பற்றி

சேலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர மருத்துவமனை. பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அக்காவை மறுபடியும் அங்கேதான் கூட்டிப் போகவும் போகிறேன். கார்த்திகை மழையில் 6 நாள் காய்ச்சல் வார்டில் இருந்தார். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏன் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று புரியாது. இரண்டாவது அக்ரஹாரத்தில் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கடிதம், பில் புக். முப்பது வருடமாக ஊர், தெரு, கதவு எண் என்று புரூஃப் திருத்துகிறவன். ஒருமுறை மண்டபத்தின் பெயர் சரி, தெரு தப்பு. மாப்பிள்ளை வீட்டு வேன் வேறு யாரோ வீட்டு வளைகாப்பில் போய் நின்றது. அன்றிலிருந்து எந்தப் படிவம் கைக்கு வந்தாலும் முகவரிக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

அக்காவுக்கு 61 வயது. மாமா ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர்; அவர் போன பிறகும் அக்கா நாகலூர்ப் பக்கத்து வீட்டை விட்டு வரவில்லை. காபி பறிக்கும் காலத்தில் கூலிக்குப் போவார், விறகு பொறுக்குவார். 'கீழ வந்தா உங்க வீட்டு ஃபேன் காத்து எனக்கு ஒத்துக்காதுடா' என்பார். இந்த முறை நான்கு நாள் காய்ச்சலோடு அங்கேயே சுருண்டு கிடந்துவிட்டு, ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் பஸ் ஏற்றிவிட, 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

முதலில் போனது எங்கள் தெருமுனை கிளினிக். கார்டு டெஸ்ட் எடுத்தார்கள். 'டெங்கு இல்ல, டைபாய்டு லேசா இருக்கு.' இந்த வாக்கியத்தை நம் ஊரில் கேட்காத குடும்பம் இருக்காது. டைபாய்டுக்கு எடுக்கும் விடால் ரத்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை எடுத்துப் பார்த்து டைபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது, எப்போதோ வந்துபோன தொற்றுக்கும், போட்ட தடுப்பூசிக்கும் கூட அது தலையாட்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. மூன்று நாள் ஊசி, டிரிப்ஸ், 2,700 ரூபாய். காய்ச்சல் அப்படியே இருந்தது. எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, அக்காவுக்குப் பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பித்ததும் ஆட்டோ பிடித்தோம்.

பதிவு கவுண்டரில் இருந்த பெண் வேகம். பெயர், வயது, போன் நம்பர், 'அட்ரஸ் சொல்லுங்க சார்.' பொன்னம்மாபேட்டையில் இருக்கும் என் வீட்டு முகவரியைச் சொன்னேன். ஆதார் அட்டை மலையில் கிடக்கிறது, அக்கா இப்போது இருப்பது என் வீட்டில், நாளைக்கு ஒரு கடிதம் வந்தாலும் எனக்குத்தானே வர வேண்டும். அவ்வளவுதான் யோசித்தேன். முப்பது வருடம் முகவரி திருத்தியவன் செய்த வேலை இது.

வார்டைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 18 கட்டில், சுத்தம் பரவாயில்லை, கழிப்பறை காலையில் நன்றாக இருக்கும், மாலையில் மூக்கைப் பொத்த வேண்டும். ஜன்னல் ஓரக் கட்டில்களில் டெங்கு நோயாளிகள் கொசுவலைக்குள். அவர்களைக் கடிக்கும் கொசு அடுத்தவரைக் கடிக்கக்கூடாது என்பதற்காக வலை. ஒரு வலையில் இருந்த ஓட்டையை யாரோ பச்சை நூலால் அழகாகத் தைத்திருந்தார்கள். கேன்டீன் ரவா கஞ்சியில் உப்பு இல்லை. வாசலில் சாயங்காலம் தட்டுவடை செட் வண்டி நிற்கும். காய்ச்சல்காரருக்கு வாங்கித் தராதீர்கள், நீங்கள் சாப்பிடுங்கள்.

இனி நட்சத்திரங்கள் எங்கே விழுந்தன என்று சொல்கிறேன்.

மதியம் ரத்த ரிப்போர்ட் வந்தது. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 92,000. மழைக்காலம், காய்ச்சல், தட்டணு குறைவு என்றால் முதலில் டெங்கு சந்தேகம்தான். என் மனைவி அதற்குள் பப்பாளி இலைச் சாற்றோடு வந்துவிட்டாள். வார்டு டாக்டர், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சாயங்காலம் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு திரையை இழுத்துவிட்டு, சிஸ்டரை வைத்துக்கொண்டு அக்காவை உச்சந்தலையிலிருந்து பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்கடியில். வெளியே நின்ற எனக்குக் கேட்டது: 'அம்மா, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க.' அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'இது எத்தனை நாளா இருக்கு?'

இடுப்பில், நாடா அழுந்தும் மடிப்பில், கருப்பாக ஒரு பொருக்கு. பச்சைப்பயறு அளவுதான். சுற்றிலும் சிவப்பு வளையம். பீடிச் சூடு பட்டது போல இருந்தது என்று மனைவி சொன்னாள். வலி இல்லை, அரிப்பு இல்லை. அதனால்தான் அக்கா அதைச் சொல்லவே இல்லை. 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் கண்ணு, காட்டுல இதெல்லாம் ஒரு கணக்கா?' என்றார் டாக்டரிடம்.

ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். மாட்டின் மேல் பார்க்கும் உண்ணி இல்லை, அதைவிடப் பல மடங்கு சின்னது. புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு. எல்லாருக்கும் வருவதில்லை, வந்தாலும் இப்படி மடிப்பில் ஒளிந்திருக்கும். கடிபட்டு 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு என்பதை என் மனைவிக்கு நான் மூன்று முறை சொன்னேன், அவள் தங்கச்சிக்குப் போனில் டைபாய்டு என்றே சொன்னாள்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார்கள். புதன்கிழமை விடியற்காலையில் அக்கா போர்வையைத் தள்ளிவிட்டு, 'டேய், காபி கிடைக்குமா?' என்றார். அந்த மாத்திரை முழு கோர்ஸும் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு நட்சத்திரம் அந்தத் திரைக்குப் பின்னால் நடந்த பத்து நிமிடத்துக்கு மட்டும்.

இதற்கு நடுவே செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு என் வீட்டு வாசலில் நான்கு பேர். மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர்கள், கையில் டார்ச், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, ஒரு நோட்டு. 'உங்க வீட்டுல டெங்கு சந்தேகம்னு லிஸ்ட்ல வந்திருக்குங்க.' நான் அசந்துபோனேன். திங்கட்கிழமை மதியம் வார்டில் ஒரு தட்டணுக் கணக்கு. செவ்வாய் காலை என் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை ஒருவர் இழுத்துப் பார்க்கிறார். அரசாங்கம் இவ்வளவு வேகமாக என் வீட்டுக்கு வந்தது வரி விஷயத்தில் மட்டும்தான்.

மொட்டை மாடியில் நான் வீசியிருந்த காலி இங்க் டப்பாக்களில் மழைத்தண்ணீர், அதில் புழு நெளிந்தது. மானம் போயிற்று. வந்த நால்வரில் ஒரு அம்மா அதைக் கவிழ்த்துவிட்டு மட்டும் போகவில்லை, தேங்காய் நாரை எடுத்து உள்விளிம்பைத் தேய்க்கச் சொன்னார். ஏடிஸ் கொசுவின் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்குமாம், அடுத்த மழைக்குப் பொரிக்குமாம். சரி, எனக்கு அது தேவையான பாடம். ஆனால் அக்கா பொன்னம்மாபேட்டையில் கால் வைத்ததே காய்ச்சலின் ஐந்தாம் நாள்தான். அவரைக் கடித்தது இருந்த இடம் மேலே, அங்கே யாரும் போகவில்லை. பட்டியலில் அந்த ஊரே இல்லை.

இதைத்தான் குறை என்கிறேன். மருத்துவமனையில் ஒரு காய்ச்சல் பதிவாகிறது என்றால் அது பில் போட மட்டும் இல்லை. நம் நாட்டில் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது, ஐ.டி.எஸ்.பி. என்பார்கள். கிராமத்து சுகாதாரப் பணியாளர் சந்தேகத்தை எழுதுவது ஒரு படிவம், டாக்டர் பார்த்து இதுவாக இருக்கலாம் என்று எழுதுவது இன்னொன்று, லேப் உறுதி செய்து எழுதுவது மூன்றாவது; எஸ், பி, எல் என்று பெயர். முன்பு வாரக் கணக்காக, எண்ணிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. 2021க்குப் பிறகு இணையத்தில், ஒவ்வொரு நோயாளியாக, ஊரோடு ஏற்ற முடிகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கிற ஊர்தான் ஊர். கடிதம் போட எந்த முகவரி என்று கேட்டால் ஒரு பதில், காய்ச்சல் ஆரம்பிக்கும் முன் மூன்று வாரம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் வேறு பதில். கவுண்டரில் முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டார்கள். அதற்கு ஒரு நட்சத்திரம் கழித்தேன்.

வியாழக்கிழமை எலிசா என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது, ஸ்க்ரப் டைபஸ் உறுதி, டெங்கு இல்லை. திங்களன்று எடுத்த ரத்தத்துக்கு வியாழன் ஏன் என்று லேபில் சண்டை போடத்தான் போனேன். அங்கிருந்த தம்பி ஒரு பிளாஸ்டிக் பிளேட்டைக் காட்டினார், 96 குழி. ஒரு ரத்தத்துக்காக ஒரு தடவை ஓட்டினால் கட்டுப்படியாகாது, ஓரளவு சேரட்டும் என்று வைத்திருந்து ஓட்டுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். நானும் விசிட்டிங் கார்டை அப்படித்தான் அடிக்கிறேன், நாலு பேர் ஆர்டர் சேர்ந்தால்தான் பிளேட் போடுவேன். வாடிக்கையாளரிடம் 'மெஷின் ரிப்பேர்' என்பேன். இவர் உண்மையைச் சொன்னார்.

அன்று மதியம்தான் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி, கையில் லேப்டாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, நீள நோட்டு ஒன்று. சிவப்புப் பேனாவில் கோடு போட்டு அவரே அடித்துக்கொண்ட கட்டங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

'எந்த ஊரும்மா?'

'நாகலூருக்கு அந்தாண்ட, கண்ணு.'

சிஸ்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'பொன்னம்மாபேட்டைன்னு இருக்கே சார்.' நான் கட்டில் காலைப் பார்த்தேன்.

விறகுக்கு எந்தப் பக்கம் போவீங்க, கூட யார் வருவாங்க, புல்லுல உட்காருவீங்களா, சாப்பாடு எங்க வெச்சு சாப்பிடுவீங்க, தெருவுல வேற யாருக்காவது காய்ச்சலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அக்கா, இட்லிக்கு என்ன சட்னி என்று சொல்வது போலச் சொன்னார்: 'இருக்கே. செல்வி மவனுக்கு ஒரு வாரமா. மேல வீட்டுக் கிழவருக்கும்.' எங்கள் யாரிடமும் இதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சிஸ்டர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வரி, அதே நோய், ஆண், 44, அஸ்தம்பட்டி. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் போட்டார். பேசியது அந்த ஆளின் மகன். அப்பா அஸ்தம்பட்டியில் மகன் வீட்டுக்கு வைத்தியத்துக்கு வந்தவர், காபி பறிப்புக்குப் போயிருந்த இடம் அக்கா ஊரிலிருந்து நடந்து போகிற தூரம். சிஸ்டர் போனை வைத்துவிட்டு, அஸ்தம்பட்டியை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் மேல் நாகலூர் என்று எழுதினார். பொன்னம்மாபேட்டையையும் அடித்து நாகலூர் என்று எழுதினார். நகரத்தில் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்த இரண்டு வரிகள் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. பேனா வைத்திருக்கிறவன் என்பதால் எனக்கு அந்தக் காட்சி மறக்கவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தும் ஊரைக் கேட்கவில்லையே என்று கோபத்தில் நான் புலம்பியதற்கு சிஸ்டர் சொன்ன பதிலும் எனக்குப் பிடித்தது. அவர் வேலூரில் வேலை பார்த்தவர். 1980களில் அங்கே வட ஆற்காடு மாவட்டத்தில், சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'நார்த் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட் ஹெல்த் இன்ஃபர்மேஷன்', அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும்படி பெயர். கம்ப்யூட்டர் கிடையாது. அச்சடித்த அஞ்சலட்டை. அரசு டாக்டர், தனியார் டாக்டர் யாராக இருந்தாலும், பட்டியலில் உள்ள நோயைப் பார்த்தால் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டியதுதான். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தொகுத்து, இன்ன ஊரில் இன்ன நோய் என்று அட்டை போட்டவர்களுக்கே செய்தி மடலாகத் திரும்ப அனுப்பினார்கள். நாம் எழுதியது எங்கேயோ போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த அட்டையை எழுதத் தோன்றும். 1998இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இதை எழுதினார்கள், வளரும் நாடுகளுக்கு ஒரு மாதிரி என்று. எனக்கு அந்த அட்டையின் புரூஃபைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பதிவு கவுண்டருக்குப் போய் முகவரியை மாற்றச் சொன்னேன். 'லாக் ஆயிடுச்சு சார், டிஸ்சார்ஜ் ஆனா மாத்த முடியாது, ஆகறதுக்கு முன்னாடின்னா அட்மின் மாத்தணும்.' அட்மின் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சாப்பாட்டிலிருந்து கல்யாணத்துக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், 'அது உங்க பில்லுக்கு, விடுங்க. நான் மாவட்டத்துக்கு வேற சொல்லியாச்சு' என்றார். அதாவது கட்டிடத்துக்குள்ளேயே அக்காவுக்கு இரண்டு ஊர். கம்ப்யூட்டரில் ஒன்று, நீள நோட்டில் ஒன்று. அந்த சிஸ்டர் லீவில் இருந்திருந்தால்? மீதி அரை நட்சத்திரம் இதற்குக் கழித்தது.

சனிக்கிழமை டிஸ்சார்ஜ். 14,380 ரூபாய், ரசீதில் ஒவ்வொன்றும் பிரித்துப் போட்டிருந்தார்கள், கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்று மாலையே மலையிலிருந்து சுகாதார ஆய்வாளர் என் நம்பருக்குப் போன் செய்து அக்கா வீட்டுக்கு வழி கேட்டார். திங்கட்கிழமை அவர்கள் போனதைச் செல்வி போனில் சொன்னாள்: வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டார்களாம், ரத்தம் எடுத்தார்களாம், குளித்துவிட்டுத் துணியை மாற்று, காட்டுக்குப் போட்ட துணியைக் கட்டிலில் போடாதே, புல்லில் வெறுமனே உட்காராதே என்றார்களாம். அவள் மகனுக்கு அதே கருப்புப் பொருக்கு, காதுக்குப் பின்னால், முடிக்குள். பையன் அதைச் சொறிந்து சொறிந்து அவளிடம் அடி வாங்கியிருக்கிறான். மாத்திரை கொடுத்து இரண்டாம் நாளே பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டானாம். கிழவருக்கு வெறும் சளி.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓ.பி. டோக்கன் காலை ஏழரைக்குக் கொடுக்கிறார்கள், ஏழு மணிக்கே வரிசை. லிஃப்டை நம்பாதீர்கள். வண்டி நிறுத்த இடம் பத்து பைக்குக்குத்தான். மலையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ ஆளைக் கூட்டிவந்தால், கேட்காவிட்டாலும் கவுண்டரிலேயே அந்த ஊரையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். உடம்பில் பொருக்கு, கடி எதுவாக இருந்தாலும் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். அதே பெண், அதே வேகம். ஆனால் படிவத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது: 'காய்ச்சலுக்கு முன் 3 வாரம் இருந்த ஊர்'. கோணலாகக் குத்தி, கீழ்வரி மேல் ஏறி, 'ஊர்' பாதிதான் தெரிந்தது. அக்கா அந்த இடத்தில் தானே பேனாவை வாங்கி எழுதினார். அந்தப் படிவத்தை ஒழுங்காகக் கட்டம் போட்டு அடக்க விலைக்கு அடித்துத் தருகிறேன் என்று ஒரு மாதிரி செய்து அட்மினிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் பதில் வரவில்லை.